குடியும் குடியுரிமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு மகாசபையில், திருவொற்றியூரில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அமெரிக்க நாட்டிற் குடியேறிய ஆசியர் நிலைபற்றி ஒரு நாழிகைப் பொழுது பேசுமாறு சங்கச் செயலாளர் எம்மைப் பணித்தனர். அவர் அவ்வாறு பணித்த காரணம் வெளிப்படை. இவ்வவையில் அமர்ந்திருக்கும் குடும்பங்கள் பலவற்றின் மக்கள் அந்நாட்டில் தொழில் புரிந்து வருகின்றனர். அங்கே நிலையாகத் தங்குவதற்குரிய சீட்டுகளில், எந்த ஒரு நாட்டிற் பிறந்தார்க்கும் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேற் கொடுத்தலாகாது என்பதொரு வரம்பு உண்டு. அதனால் இந்தியாவிற் பிறந்தார் வரிசையில் நெடுங்காலம் காத்துக் கிடக்கின்றனர். சென்ற திங்கட் கூட்டத்தில் தாய் ஒருவர், தம் மகன் இருபது ஆண்டு உழைத்தும் இன்னும் அயலானாகவே எண்ணப்படுகின்றான் என்று கண் கலங்கினார். அவையும் கலங்கியது. அக்கலக்கம் முறையானதே. யாம் அமெரிக்காவில் தொடங்குவோம். ஆயின் எண்ணூரில்தான் முடிப்போம். அதனை இப்போதே சொல்லிவிடுகின்றோம்.

தமிழாசிரியனைப் பேச அழைத்தால் அவன் சொல்லாராய்ச்சியில் இறங்குவான் என்பது நீங்கள் அறிந்ததே. சிறிது பொறுத்தருளல் வேண்டும். குடி என்னும் சொல்லுக்குத் தமிழில் இருவகைப் பொருள் உண்டு. ஒன்று பிறப்பைப் பற்றியது. குலம், கால்வழி என்பன. திருக்குறளின் 96-ஆம் அதிகாரமாகிய 'குடிமை' இப்பொருளிலேயே நின்று, நற்குடிப் பிறந்தார் இயல்பு கூறுகின்றது. மற்றொன்று இருப்பைப் பற்றியது. குடியிருத்தல், குடிபுகுதல், குடித்தனம், குடிக்கூலி என்று நாள்தோறும் நாம் வழங்குவன எல்லாம் இதன் வழிப்பட்டன. ராயபுரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டில் வாடகை கொடுத்து வாழ்பவனும் அவ்வீட்டிற் குடியிருப்பவனே. அவன் பாட்டன் எவ்வூரினன் என்பது அச்சொல்லுக்கு வேண்டுவதன்று. பிற்காலத்து அரசியலார் 'குடியுரிமை' என்றொரு தொடரை ஆக்கினர். அதிலுள்ள குடி எந்தக் குடி? பிறப்பா, இருப்பா? கடல் கடந்து சென்ற ஏழைமக்கள் பட்ட துன்பத்திற் பெரும்பகுதி இவ்வொரு வினாவுக்குள் அடங்கும்.

அமெரிக்கர் 1790-ஆம் ஆண்டிலேயே இவ்வினாவுக்கு விடை எழுதிவிட்டனர். வெளிநாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெறுவோர் அடிமையல்லாத வெள்ளையராக இருத்தல் வேண்டும் என்பது அவ்வாண்டுச் சட்டம். உள்நாட்டுப் போருக்குப் பின் 1870-இல் ஆப்பிரிக்க வழியினரையும் சேர்த்துக்கொண்டனர். ஆசியர் எவ்வகையிலும் அடங்கிலர். சீனக் கூலியாட்கள் மலைகளைக் குடைந்து இருப்புப்பாதை இட்டனர். பாதை முடிந்து பதின்மூன்று ஆண்டில், 1882-இல், சீனத் தொழிலாளர் வருகையே தடுக்கப்பட்டது. 1917-இல் இந்தியா உள்ளிட்ட ஆசிய நிலப்பரப்பிற் பெரும்பகுதியைச் சுற்றிக் கோடு கிழித்து, அதற்குட் பிறந்தார் வரலாகாது என்றனர். ஒரு நன்மை மட்டும் நின்றது. சான் பிரான்சிஸ்கோ நகரிற் சீனப் பெற்றோர்க்குப் பிறந்த வோங் கிம் ஆர்க் என்பவர் வழக்கில், அம்மண்ணிற் பிறந்தவன் அந்நாட்டுக் குடியே என்று 1898-இல் உச்சநீதிமன்றம் தீர்த்தது. 2025 சனவரியில் அதற்கு மாறானதோர் ஆணையை அந்நாட்டுத் தலைவர் பிறப்பித்ததும், பல நீதிமன்றங்கள் அதனைத் தடுத்து நிறுத்தியதும் செய்தித்தாள்களிற் படித்திருப்பீர்கள்.

யாம் விரித்துரைக்க விரும்புவது வேறொரு வழக்கு. பகத் சிங் திந்து என்பார் பஞ்சாபிற் பிறந்த சீக்கியர். 1913-இல் அமெரிக்கா சென்று, மர அறுவை ஆலைகளிற் கூலிவேலை செய்து, முதல் உலகப்போரில் அந்நாட்டுப் படையிற் சேர்ந்து சார்சண்டு பதவி வரை உயர்ந்தவர். படையுடை அணிந்த நிலையிலேயே குடியுரிமை வழங்கப் பெற்றார். சின்னாளில் அது பறிக்கப்பட்டது. மீண்டும் 1920-இற் பெற்றார். அரசாங்கம் அதன்மேல் வழக்காடியது. 1922 நவம்பரில், ஒசாவா என்னும் சப்பானியர் வழக்கில் உச்சநீதிமன்றம், வெள்ளையர் என்றாற் காக்கேசிய இனத்தார் என்பது பொருள். சப்பானியர் அவ்வினத்தார் அல்லர் என்று கூறியிருந்தது. நன்று, வட இந்தியர் காக்கேசிய இனமே என்று அக்காலத்து இனநூலார் எழுதியிருக்கின்றனரே என்று திந்துவின் வழக்கறிஞர் எடுத்துக் காட்டினார். மூன்று திங்கள் கழித்து, 1923 பிப்ரவரி 19-இல், அதே நீதிமன்றம், இனநூலார் கூற்று எமக்கு வேண்டா, தெருவிற் செல்லும் பொதுமனிதன் யாரை வெள்ளையன் என்கின்றானோ அவனே வெள்ளையன் என்று தீர்த்துவிட்டது. இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் சதர்லாந்து என்னும் ஒரே நீதிபதி. அவர் தாமும் இங்கிலாந்திற் பிறந்து, இளம்பிராயத்தில் அமெரிக்காவிற் குடியேறியவர்தாம்!

இத்தீர்ப்பின் விளைவு கொடிது. முன்னரே குடியுரிமை பெற்றிருந்த இந்தியரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. வைஷ்ணவ தாஸ் பகாய் என்பார் பெசாவரிலிருந்து மனைவி மக்களோடு சென்று, கடை வைத்து வாழ்ந்து, 1921-இற் குடியுரிமை பெற்றவர். அதனை இழந்தபின் கலிபோர்னியச் சட்டப்படி உடைமை வைத்திருக்கும் தகுதியையும் இழந்தார். வாழ வந்த நாடு தம்மைக் குடியென்று ஏலாமையைப் பொறாது, 1928-இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1946-இலே தான் இந்தியர்க்கு அக்கதவு திறந்தது. அதுவும் ஆண்டுக்கு நூறு பேருக்கு. நாட்டுவாரியான அப்பழைய பங்கீட்டு முறை 1965-இல் ஒழிந்தது. நம் பிள்ளைகள் சென்றதெல்லாம் அதன் பின்னர்தான்.

இவ்வரலாற்றை நம் மேடைகளிற் பலரும் கூறுவர். ஒரு பகுதியை மட்டும் விட்டுவிடுவர். யாம் விடோம். திந்துவின் தரப்பில் நீதிமன்றத்தில் எடுத்துரைத்த நியாயங்களுள் ஒன்று இது: உயர்ந்த சாதி இந்தியன் தன் நாட்டுத் தாழ்ந்த குடிகளோடு மணவுறவு கொள்ளான், வெள்ளை அமெரிக்கன் நீக்ரோவரை எவ்வாறு விலக்குகின்றானோ அவ்வாறே இவனும் விலக்குகின்றான், ஆகவே இவனையும் வெள்ளையனாகக் கொள்க. அன்பர்களே! தன்னை அளந்து தள்ளிய கோலை முறிக்க வேண்டும் என்று அங்கே கேட்கப்படவில்லை. அக்கோலின் மேற்பக்கத்தில் தனக்கும் ஓரிடம் கேட்கப்பட்டது. அவ்விடமும் கிட்டவில்லை. பிறப்பை நோக்கிக் கூடியதொரு சங்கத்தின் மேடையில் நின்று இதனைச் சொல்கின்றோம் என்பதை யாம் மறந்தோமில்லை.

நிற்க. அமெரிக்கா நமக்கு நெடுந்தொலைவு. இத்துறைமுகத்திலிருந்து சில நாட் கப்பற் பயணத்தில் இருந்த நாடு பர்மா. நம் பாட்டன்மார் சென்ற நாடு அது, அங்கிருந்தே திரும்பினர். அக்கதைக்கு வருவோம்.

1852-இல் ஆங்கிலர் கீழ்ப்பர்மாவைக் கைப்பற்றி, ஐராவதிக் கழிமுகத்தை உலகத்தின் நெற்களஞ்சியம் ஆக்கினர். பணம் நகரத்தார் கொடுத்தனர். உழைப்புக்குத் தமிழரும் தெலுங்கரும் ஒரியரும் கப்பலேறினர். மேஸ்திரி என்பான் ஊரூராய்ச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான். அம்முன்பணம் அடைபடுமுன் மறுகடன் ஏறும். ரங்கூன் துறைமுகத்து மூட்டையும், நெல்லாலைத் தூசியும், தெருக்கூட்டும் துடைப்பமும் நம்மவர்க்கே உரியவாயின. 1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பர்மாவில் இந்தியர் பத்து இலக்கத்துக்கு மேல்; ரங்கூன் நகரில் பாதிக்கு மேற்பட்டோர் அவரே.

பர்மியர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தலாகாது. 1930-ஐ ஒட்டிய பொருளாதார வீழ்ச்சியில் நெல்விலை சாய்ந்தபோது, கடன்பட்ட உழவர் நிலமெல்லாம் வட்டிக்கடைக்குப் போயிற்று; கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் நிலத்திற் காற்பங்கு நகரத்தார் கைக்கு வந்தது. தம் நாட்டில் தாமே நிலமற்றவரான மக்கள் சினந்தது வியப்பன்று. ஆயின் அச்சினம் யார்மேல் விழுந்தது? 1930 மே மாதத்தில் ரங்கூன் துறைமுகத்துத் தெலுங்குத் தொழிலாளர் கூலி உயர்வு வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். கப்பல் முதலாளிகள் பர்மியரை அவர்க்கு மாறாக அமர்த்தினர். பின் உடன்பாடு ஏற்பட்டுப் பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியரைக் கைவிட்டனர். இருதிறத்தாரையும் ஏய்த்த முதலாளிமார் மாளிகைகளில் ஒரு கண்ணாடியும் உடைந்ததாகத் தெரியவில்லை. தெருவிற் கிடந்த பிணங்கள் நூற்றுக்கு மேற்பட்டன, பெரும்பாலும் கூலிகள். 1938-இல் மீண்டும் கலகம். 1942-இற் சப்பானியர் படையெடுப்புக்கு அஞ்சி நாலைந்து இலக்கம் இந்தியர் அரக்கான் மலைவழியும் மணிப்பூர்க் காட்டுவழியும் நடந்தே வந்தனர். பல்லாயிரவர் வழியில் மடிந்தனர். தப்பியோடும் அப்பாதையிலும் வெள்ளையர்க்கு ஒரு வழி, இந்தியர்க்கு ஒரு வழி என்று பாகுபாடு செய்ததாக அக்காலத்து இந்தியத் தலைவர்கள் முறையிட்டனர்.

1948-இற் பர்மா விடுதலை பெற்றது. குடியுரிமைச் சட்டமும் வந்தது. மனுச்செய்து பெறலாம் என்றிருந்தும், எழுத்தறியாக் கூலிகள் பலர் மனுச்செய்யவில்லை. செய்தார் பலர்க்கு விடை வரவில்லை. அங்கேயே பிறந்தவரும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி அயலார் பதிவுச்சீட்டு வைத்திருக்க வேண்டியவராயினர். 1962 மார்ச்சு 2-இல் தளபதி நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே 17-இல் ஐம்பது, நூறு சாட் தாள்கள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டன. வங்கியை நம்பாது தலையணைக்குட் சேர்த்து வைத்த கூலியின் பணம் ஓரிரவிற் காகிதமாயிற்று. ஏறத்தாழ மூன்று இலக்கம் இந்தியர் வெளியேறினர். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களிற் பலர் வியாசர்பாடியிலும், எண்ணூரிலும், பிற இடங்களிலும் குடியமர்த்தப்பட்டனர். எண்ணூரிற் பர்மா நகர் என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. 1969-இல் அவர்கள் பொருட்டும், இலங்கையிலிருந்து திரும்பியோர் பொருட்டும் ரெப்கோ வங்கி தோன்றியது. துறைமுகத்தின் எதிரே பர்மா பஜாரும் அவ்வாண்டை ஒட்டி எழுந்ததே. இலங்கை மலையகத் தமிழர் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடற்றவரான வரலாறு தனியொரு சொற்பொழிவுக்கு உரியது.

திரும்பி வந்தவரிற் சிலர் இங்கே வேர்கொள்ள இயலாமல், பிறந்த மண்ணுக்கே மீளக் கருதி, வடகிழக்கு எல்லை வரை சென்றனர். பர்மியர் உள்ளே விடவில்லை. எல்லையில் மணிப்பூரைச் சேர்ந்த மோரே என்னும் ஊரிலேயே அவர்கள் தங்கிவிட்டனர். அங்காளபரமேசுவரிக்கு அங்கே கோயிலும் எடுத்தனர். அதற்கப்பால் ஓர் அடி வைத்தால் பிறந்த நாடு; இப்பால் மூதாதையர் நாடு. இரண்டும் வேண்டுமளவுக்கு ஏற்காமையால் நடுவில் ஓர் ஊர்! பர்மாவில் 1982-இல் வந்த சட்டமோ குடிகளை மூவகையாகப் பிரித்து, 1823-க்கு முன் அந்நாட்டில் நிலைத்த இனங்களே முழுக்குடிகள் என்றது. 1824-இல் ஆங்கிலர் முதற்போர் தொடங்கியது. அதற்கு முற்பட்ட பிறப்பே பிறப்பு என்பது கருத்து. அமெரிக்கர் தோலை நோக்கியதும், பர்மியர் ஆண்டை நோக்கியதும் ஒன்றே. குடி என்பதற்குப் பிறப்பு என்னும் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு இருப்பு என்னும் பொருளை அழித்துவிட்டனர்.

இனி எண்ணூருக்கு வருகின்றோம். பர்மா நகரில் முதியவர் ஒருவர் இருக்கின்றார். 1965-இல், பன்னிரண்டு வயதிற் தாயின் கைபிடித்துக் கப்பலிலிருந்து இறங்கியவர். அவர் கொள்ளுப்பாட்டன் மேஸ்திரி கையிற் கைந்நாட்டு வைத்துச் சென்றவர். பாட்டன் நெல்லாலைக் கூலி. தந்தை ரங்கூனிற் சிறுகடை வைத்து, 1964-இல் அதனை இழந்தவர். கரையேறும்போது தாயின் கழுத்தில் தாலிக்கயிறும் மஞ்சளும் மட்டுமே இருந்தன. சொந்தச் செல்வம் என்று அவர்கள் கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி. அதனுள் ரங்கூனில் நம்மவர் நடத்திய மடத்துக்கு அவர் தந்தை ஈந்த நன்கொடைக்கு ஒரு ரசீது. அதில் நம் குலப்பெயர் தெளிவாக எழுதியிருக்கின்றது. யாம் கண்ணாற் கண்டோம்.

இவர் தம் இளமையில் திருவொற்றியூரில் வீடு தேடியபோது, 'பர்மாக்காரருக்கு வீடு இல்லை' என்றனர். ரங்கூனில் 'கலா' என்று ஏசினர். அஃது இந்தியரை அவர்கள் இழித்துக் கூறும் சொல். இங்கே வந்ததும் பர்மாக்காரர் ஆனார். எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டு இரும்போடு போராடி, மக்களைப் படிக்கவைத்து, வாக்குச் சீட்டும் பங்கீட்டு அட்டையும் பெற்று, இந்நாட்டு முழுக்குடியாகவே வாழ்கின்றார். அரசாங்கம் ஏற்றது. ஏலாதது ஒன்றே. அது நம் சங்கம்.

மும்முறை அவர் உறுப்பினராக விண்ணப்பித்தார். நம் விண்ணப்பத் தாளின் மூன்றாம் பத்தியில் 'பூர்வ கிராமம்' என்றிருக்கின்றது. நான்காம் பத்தியில் குலதெய்வக் கோயில். ஐந்தாம் பத்தியில் பங்காளிகள் இருவர் கையொப்பம். அவர் பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது, தஞ்சாவூர்ச் சில்லாவில், ஆற்றுக்கு வடகரையில், வாசலில் இலுப்பைமரம் நிற்கும் கோயில் என்பதே. ஊர்ப்பெயர் கடலோடு போயிற்று. வடகரையில் இலுப்பைமரமில்லாத கோயில் எது? பங்காளிகள் எங்கே? அக்காட்டுவழியில் 1942-இற் கிடந்த எலும்புகளுக்குள் இருக்கலாம். எனவே மும்முறையும் விண்ணப்பம் ஒத்திவைக்கப்பட்டது. மூன்றாம் முறை ஒத்திவைத்த செயற்குழுவில் யாமும் இருந்தோம். 'இன்று இவரைச் சேர்த்தால் நாளை யார் யாரோ வருவர்' என்று ஒருவர் கூறினர். யாம் வாய் திறந்திலேம். அன்று மேசைமேல் வைத்த காப்பியைக் குடித்துவிட்டு வீடு திரும்பினோம்.

இவ்வாண்டு அவர் பேத்தி எம் பள்ளியிற் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். எம் வகுப்பில் யாப்பிலக்கணத்தில் அவளுக்கு நிகர் எவரும் இல்லை; செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கின்றது. நம் சங்கத்துக் கல்வி உதவிக்கு விண்ணப்பித்தாள். உறுப்பினர் வீட்டுப் பிள்ளை அல்லள் என்று தாள் திரும்பி வந்தது. அவள் அத்தாளை எம்மிடம் கொணர்ந்து காட்டி, "ஐயா, பூர்வ கிராமம் என்ற இடத்தில் எண்ணூர் என்று எழுதலாமா?" என்று வினவினாள். எமக்கு விடை கூற நா எழவில்லை.

தெருவிற் செல்லும் பொதுமனிதன் யாரை வெள்ளையன் என்பானோ அவனே வெள்ளையன் என்ற தீர்ப்பைக் கேட்டுச் சற்றுமுன் இவ்வவையிற் சிலர் சிரித்தீர்கள். நம் மூன்றாம் பத்தி அதனினும் அறிவுடையதா? பர்மியச் சட்டத்துக்கேனும் 1823 என்றோர் எல்லை உண்டு. நமக்கு அதுவும் இல்லை. பஜாரில் நின்று நம் பிள்ளைகள் அத்தோவையும் மொய்ங்காவையும் வரிசையில் நின்று உண்கின்றனர். அவர்கள் உணவு நமக்குப் பூர்வ கிராமம் கேளாமலே இனித்தது.

பொய்யர் புகுந்துவிடுவர் என்பார்க்கு ஒரு மறுமொழி. புகுந்து எதைக் கொள்ளை கொள்வர்? ஆண்டுக்கொரு பஞ்சாங்கமும், திருமண மண்டப வாடகையிற் சிறு தள்ளுபடியும், ஏழைப்பிள்ளைக்கு உதவித்தொகையுமே நாம் வழங்குவன. நம் பிறப்பையே நோக்கிக் கூடும் இம்முறை முற்றும் சரியா என்பதுபற்றி எமக்குள் வேறு ஐயங்களும் உண்டு. அவற்றை மற்றொரு மாதத்து இதழில் எழுத ஆசிரியர் இடந்தருவாராயின் எழுதுவோம். இன்று கேட்பது சிறிது. அமெரிக்காவில் நம் பிள்ளைகட்கு எதனை வேண்டுகின்றோமோ, அதனை எண்ணூர்ப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டுகின்றோம்.

ஆதலின் இம்மகாசபை முன் ஒரு தீர்மானம் வைக்கின்றோம்: விண்ணப்பத்தின் மூன்றாம் நான்காம் பத்திகளை நிரப்புதல் விண்ணப்பிப்போர் விருப்பத்துக்கு விடப்படுக, ஐந்தாம் பத்தியிற் பங்காளிகள் இருவர்க்கு மாறாக, அண்டையிற் குடியிருக்கும் உறுப்பினர் இருவர் கையொப்பமும் ஏற்கப்படுக, பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பிய குடும்பங்களின் ஒத்திவைத்த விண்ணப்பங்கள் அனைத்தும் அடுத்த செயற்குழுவில் மீண்டும் எடுத்துக்கொள்ளப்படுக. முதியவர் விண்ணப்பத்திற் கையொப்பமிட யாம் ஒருவர் இருக்கின்றோம், மற்றொருவர் வேண்டும். கல்லூரிக் கட்டணம் செலுத்தும் கெடு வரும் திங்கள் 15-ஆம் நாள். தீர்மானத்தை வழிமொழியுமாறு இவ்வவையிலுள்ள அன்பர் ஒருவரை வேண்டிக்கொண்டு அமர்கின்றோம்.